தண்ணீர் வீட்டு எலிகள்

கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்து இருபத்தெட்டாவது பாட்டிலை இழுத்தெடுத்த அச்சியா, மூடியைத் திருகி மூக்கருகே கொண்டுபோனாள். சோப்பு வாசனை. இதற்கு முன் பார்த்த இருபத்தேழும் அப்படித்தான் இருந்தன. அண்ணனைக் குழிக்குள் இறக்கிவிட்டு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வெளியே பந்தலில் மைக் செட்காரன் "ஹலோ, ஹலோ" என்று ஒலிபெருக்கிப் பெட்டிகளை உறுமவிட்டுக்கொண்டிருந்தான். இறந்தவரின் ஒரே தங்கை முன்வரிசை நாற்காலியில் துக்கத்துக்கான சிவப்புத் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து, வருகிறவர்கள் நீட்டுகிற கைகளை வரிசையாகக் குலுக்க வேண்டிய நேரம் அது. அவளோ முழங்காலிட்டுப் பாட்டில் முகர்ந்துகொண்டிருந்தாள்.

எல்லாம் அவள் கடைப் பாட்டில்கள்தான். நீல மூடி, மஞ்சள் லேபிள், லேபிளில் பெரிய எழுத்தில் 'நெஞ்சிறக்கி'. குமாசி நகரத்தில் ஒருவன் நிம்மதியாக இருக்கிறான் என்றால் அவன் நெஞ்சு வயிற்றுக்குள் இறங்கிவிட்டது என்பார்கள். அப்படி இறங்காமல் தொண்டையிலேயே குந்திக்கொண்ட நெஞ்சுகளுக்காக, விசா கிடைக்காதவன், புருஷன் ஓடிப்போனவள், பரீட்சையை நினைத்தாலே வாந்தி எடுக்கிற பிள்ளை என்று வருகிற அத்தனை பேருக்கும், கெஜெட்டியா சந்தையில் பத்தொன்பது வருடமாக அவள் ஒரு காட்டுக்கொடியின் வேரையும் ஒரு மரத்தின் பட்டையையும் சேர்த்துக் கொதிக்கவைத்து விற்றுவருகிறாள். மழையில் நனைந்த நாயின்மேல் கிராம்புத் தூளைத் தூவினால் வருமே, அந்த வாசனை. ஒருமுறை ஊற்றிய பாட்டிலை எத்தனை கழுவினாலும் லேசில் போகாது. அண்ணன் கழுவியிருந்தார். இருபத்தெட்டையும், வாசனை சாகும்வரை.

அவள் அண்ணன் அசாரே, பல்கலைக்கழகத்தின் மருந்தியல் துறையில் ஆய்வு எலிகளுக்குத் தீனி போட்டுக் கூண்டு கழுவுகிற வேலையில் முப்பத்தோரு வருடம் இருந்தவர். மனைவி போய்ப் பல வருடம், பிள்ளை கிடையாது. ஏழு மாதத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை கடைக்கு வந்து, "தூக்கம் வரல தங்கச்சி, ஒரு பாட்டில் குடு" என்றார். சும்மா எடுத்துக்கொள்ளச் சொன்னாள். "இனாமா வாங்கின மருந்து வேலை செய்யாது" என்றார். சரி, விலையைச் சொன்னாள். அதையும் கொடுக்கவில்லை, பாதி விலையில் ஆரம்பித்து முக்கால்மணி நேரம் பேரம் பேசினார். அன்று முதல் எந்த வெள்ளிக்கிழமையும் தவறவில்லை. பாட்டிலை வாங்கிய கையோடு எதிரே தட்டில் வைத்து விற்பவளிடம் ஒரு அவித்த முட்டை வாங்கி, சட்டை ஓரத்திலிருந்து நூலொன்றை உருவி, முட்டையைச் சுற்றி இழுத்து, இரண்டாக அறுத்துப் பாதியை அவளிடம் நீட்டுவார். கடித்துப் பங்கு போட்டால் ஒருவருக்குக் கூடுதலாகப் போய்விடும் என்பது சின்ன வயதிலிருந்தே அவர் கட்சி. கதவு ஆணியில் தொங்கிய அவருடைய சட்டைகளுக்கு இப்போது ஓரமே இல்லை.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை, பேருந்து நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வயது ஐம்பத்தெட்டு. ஊர் வழக்கப்படி, உறவெல்லாம் கூடும்வரை உடலைக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்து இன்றுதான் புதைத்தார்கள்.

அச்சியாவைக் குடைந்த கேள்வி இதுதான். வாரம் ஒரு பாட்டில் வீதம் ஏழு மாதம் குடித்தவரின் நெஞ்சு ஏன் நின்றது? நெஞ்சை இறக்கப்போய் ஒரேயடியாக இறக்கிவிட்டோமா?

இதைச் சந்தையில் வாய்விட்டுச் சொன்னவள் எதிர்க்கடை பிராகோ. அவளும் மருந்துதான் விற்கிறாள், ஆனால் அவளுடைய பெரிய வியாபாரம் வாய். இரண்டு மாதமாக அவள், "அச்சியா மருந்து வெறும் தண்ணின்னு யுனிவர்சிட்டியே சொல்லிருச்சாம்" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணன் செத்த மறுநாள் சரக்கை மாற்றினாள்: "கூடப் பொறந்தவனையே அந்த மருந்து கொண்டுபோயிருச்சாம்."

அச்சியா நடுப்பாதைக்கு வந்து, "ரெண்டுல ஒண்ணச் சொல்லு பிராகோ, தண்ணியா விஷமா? ரெண்டையும் ஒரே கடையில வெச்சு விக்காத" என்றாள். சந்தை சிரித்தது. ஆனால் அன்றைக்கு வந்த வாடிக்கையாளர்கள் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனார்கள்.

தண்ணீர் என்ற பேச்சு வந்தது எலிகளால். லேபிள் ஒட்டி விற்க அரசாங்க அனுமதி வேண்டும், அனுமதிக்கு ஆய்வு அறிக்கை வேண்டும் என்று புது விதி வந்தபோது, அண்ணன் மூலமாகத்தான் அச்சியா மருந்தியல் டாக்டர் லார்பியைப் பார்த்தாள். கண்ணாடி போட்ட, அவசரப்படாத பெண்மணி. இடுப்பு உயரத்தில் சிலுவை மாதிரி ஒரு பலகையைக் காட்டினார். நான்கு கைகளில் இரண்டுக்குச் சுவர் உண்டு, இரண்டு திறந்தவெளி. பயந்த சுண்டெலி சுவருக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். நெஞ்சு இறங்கிய சுண்டெலி திறந்த பலகைக்கு வந்து, விலை விசாரிக்க வந்தவள் மாதிரி விளிம்பில் எட்டிப் பார்க்கும். ஒரு கூண்டு எலிகளுக்கு மருந்து, இன்னொரு கூண்டுக்கு வெறும் தண்ணீர். அண்ணன் அவற்றை மருந்து வீடு, தண்ணீர் வீடு என்பார். மருந்து வீட்டு எலிகள் ஜோராக வெளியே வந்தன. தண்ணீர் வீட்டு எலிகளும் அதே ஜோரில் வந்தன. புது எலிகளை வைத்து மறுபடியும் செய்தார்கள். மறுபடியும் அதேதான். 'தண்ணீரைவிட மேலாக ஒன்றும் செய்யவில்லை' என்று எழுதிய அறிக்கை வருகிற திங்கட்கிழமை அனுமதி அலுவலகத்துக்குப் போகிறது. போனால் மஞ்சள் லேபிளை அவள் கையாலேயே உரிக்க வேண்டும். பத்தொன்பது வருடத்தையும் சேர்த்து.

அண்ணனிடம் அவள் அதைக் கடைசி வெள்ளிக்கிழமைதான் விளக்கினாள். "ரெண்டு வீட்டுக்கும் வித்தியாசம் இருந்தாத்தான் அது மருந்தாம்ண்ணே. ரெண்டும் ஒண்ணா இருந்தா தண்ணியாம்." பாதி முட்டையை வாய்க்குக் கொண்டுபோன அண்ணன் அப்படியே நிறுத்தினார். "அப்படியா அர்த்தம்?" என்றார். முப்பத்தோரு வருடத்தில் அவருக்கு யாரும் அதைச் சொன்னதில்லை. கேட்கிற வழக்கமும் அவருக்கில்லை. அடுத்த புதன்கிழமை, வெள்ளி வரும்முன்பே கடைக்கு வந்து நின்றார். அவள் ஒரு பெண்ணோடு பேரத்தில் இருந்தாள். "அப்புறம் சொல்றேன்" என்று போனவர்தான்.

அறை வாசலில் நிழல் விழுந்தது. எலிக்கூடத்துக் காவலாளி இஸாக்கா. வடக்கிலிருந்து வந்தவர், கஞ்சி போட்ட வெள்ளை அங்கி, கையில் நான்காக மடித்த ஒரு தாள்.

"இங்கயா இருக்கீங்க அச்சியாம்மா? பந்தல் பூரா தேடிட்டேன். டாக்டரம்மா பேசினதும் எம் பேரக் கூப்பிடுவாங்களாம். மைக்ல பேசிப் பழக்கமில்ல. உங்ககிட்ட ஒருவாட்டி சொல்லிக் காட்டிட்டா தைரியமா இருக்கும்."

"சொல்லுங்கண்ணே. அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு சொல்லுங்க. எங்கண்ணன் இத எப்பக் குடிப்பாரு? காலைலயா, படுக்கப்போறப்பவா?"

இஸாக்கா பாட்டிலைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "குடிக்கறதா? அவரா? ஒருநாள் மூடியத் தொறந்து மோந்துட்டு, இதக் குடிச்சிட்டும் ஜனங்க உயிரோட இருக்காங்களான்னு கேட்டாரு. தப்பா எடுத்துக்காதீங்க."

"அப்ப இத்தன பாட்டிலும்?"

"அதத்தாம்மா மைக்ல சொல்லப்போறேன்." தாளைப் பிரிக்காமலே அவர் முகம் மலர்ந்தது. "வெள்ளிக்கிழமை எல்லாரும் கெளம்பினதும் இத எடுத்துட்டு வருவாரு. தண்ணி வீட்டுல குடிக்கறதுக்குத் தொங்கவிட்ருக்கற பாட்டில்ல இத ஊத்திவைப்பாரு. வாரம் பூரா அதுங்களுக்கு அதுதான். பாட்டில் மாத்தறதும் அவர்தான், கூடம் பூரா ஏற்கெனவே அந்த வாசனைதான், யாருக்குத் தெரியும்? ஏன் இந்த வேலைன்னு கேட்டேன். ஒரே கூரைக்குக் கீழ எட்டுப் பேருக்கு மருந்தும் எட்டுப் பேருக்குப் பச்சத் தண்ணியுமா, உங்க வீட்டுல அப்படி வைப்பியா இஸாக்கான்னாரு. நான் எப்படி வைக்க முடியும், எனக்கு ரெண்டு சம்சாரம்."

அச்சியா கட்டிலில் உட்கார்ந்தாள்.

"மத்த மருந்துக்கெல்லாம் இப்படிச் செஞ்சதில்லையா?"

"அதெல்லாம் பீரோவுல பூட்டிவைப்பாங்களே. இதுதான் தங்கச்சி கடையில கெடைக்குதே, அப்புறம் எப்படி ஓரவஞ்சன பண்றதுன்னாரு. யார்கிட்டயும் சொல்லாதன்னாரு. நல்லது செஞ்சா சொல்லிக்கக் கூடாதாம். இப்பதான் போயிட்டாரே, சொன்னா என்ன?"

அண்ணனைக் கொன்றது தன் மருந்து இல்லை. அவளுடைய நெஞ்சு மூன்று வாரத்தில் முதல்முறையாக இறங்கத் தொடங்கி, பாதி வழியில் நின்றது. இரண்டு வீடும் மருந்து வீடு. எட்டுக்கு எட்டு, பதினாறும் அவளுடைய மருந்தைக் குடித்த எலிகள். குடித்தவை அத்தனையும் வெளியே வந்து எட்டிப் பார்த்திருக்கின்றன. இதைவிடப் பெரிய விளம்பரம் எந்த வியாபாரிக்கும் கிடைக்காது. வெளியே போய் இஸாக்கா மைக்கைப் பிடித்தால் போதும். பிராகோ மூன்றாம் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள், டாக்டர் லார்பி முதல் வரிசையில். மருந்து பிழைத்துவிடும். முப்பத்தோரு வருடம் எலிக்கூடத்தில் இருந்துவிட்டு, ஆய்வையே கெடுத்தவன் என்ற பெயரோடு அண்ணன் இரண்டாவது தடவை புதைபடுவார். அதுவும் பல்கலைக்கழகமே திரண்டு வந்து உட்கார்ந்திருக்கிற இந்தப் பந்தலில்.

"மொதல்ல சாப்பிடுங்கண்ணே" என்றாள். "வெறும் வயித்தோட மைக் முன்னாடி நின்னா குரல் நடுங்கும்."

தன் பெயரில் எடுத்துவைத்திருந்த பொட்டலத்தையும் இன்னொன்றையும் சமையல்காரியிடம் கேட்டு வாங்கி இஸாக்கா மடியில் வைத்தாள். பிறகு மைக் செட்காரன் காதில், அவர் பெயரைக் குடும்பத் தலைவர் பேச்சுக்கு அப்புறம் வைத்துக்கொள்ளச் சொன்னாள். தலைவரான ஓபானின் கியான் மைக்கைப் பிடித்தால் குடும்பத்தின் ஏழு தலைமுறையையும் எழுப்பி உட்காரவைத்து, ஒவ்வொருவரிடமும் நலம் விசாரித்துவிட்டுத்தான் விடுவார்.

அவள் நாற்காலிக்குத் திரும்பியபோது டாக்டர் லார்பி பேசத் தொடங்கியிருந்தார்.

"அசாரே முப்பத்தோரு வருஷத்துல ஒருநாள்கூடக் கூண்டு மாத்தித் தீனி வெச்சதில்ல. அவர் கைய நம்பித்தான் நாங்க எழுதற எல்லாத்தையும் எழுதினோம்" என்றார். பந்தல் தலையாட்டியது. "வேற வேற ஊர்ல ஆய்வு எலி பார்த்திருக்கேன். அவர் வளத்த எலிங்க மாதிரி நிதானமான எலிங்க எங்கயுமே கெடையாது. வெறும் தண்ணி குடிக்கற எலிகூட அவர்கிட்ட இருந்தா பயமில்லாம நடக்கும். அதனால புதுசாக் கட்டின ஆய்வு அறைக்கு அவர் பேரையே வைக்கப்போறோம்." கைதட்டல். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவர் போனதிலிருந்து தண்ணி வீட்டு எலிங்க பலகைக்கு வர்றதில்ல. மூணு வாரமா சுவரோட ஒட்டிக்கிட்டு நிக்குதுங்க. அதுங்களுக்கும் தெரிஞ்சிருச்சு."

பந்தல் அழுதது. பிராகோவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. அவள் எதைச் செய்தாலும் மொத்த வியாபாரம்தான். அச்சியா அழவில்லை. அவள் தலைக்குள் ஒரே ஒரு கேள்வி வந்து உட்கார்ந்திருந்தது, அதைக் கேட்காமல் அவளால் அழ முடியாது போலிருந்தது.

டாக்டர் வந்து பக்கத்து நாற்காலியில் அமர்ந்தார். குடும்பத் தலைவர் மைக்கை வாங்கி முதல் தலைமுறையைத் தொடங்கினார். முன்வரிசைக்குச் சோற்றுப் பொட்டலங்கள் வந்தன. தக்காளியில் சிவந்த ஜொல்லோஃப் சோறு, ஒரு கோழித்துண்டு, மேலே ஒரு அவித்த முட்டை. டாக்டருக்குக் கிடைத்தது. அச்சியாவின் பங்கு இஸாக்கா மடியில் இருந்தது.

"அறிக்கை விஷயத்துல எனக்கு வருத்தம்தான் அச்சியாக்கா. இன்னிக்குப் பேசக்கூடாது" என்றார் டாக்டர்.

"பரவால்ல டாக்டரம்மா. நான் ஒண்ணு கேக்கலாமா? மருந்து வீட்டு எலிங்க எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு. படிக்கற பிள்ளைங்க பழகறதுக்காகத் தினமும் மருந்து குடுத்துட்டுத்தான் இருக்காங்க. எப்பவும் போல வெளிய வருதுங்க."

"அதுங்களுக்கு எங்கண்ணன் போனது தெரியாதா?"

டாக்டர் எடுத்த கோழித்துண்டைத் திரும்பப் பொட்டலத்தில் வைத்தார்.

பேரத்தில் முதலில் விலை சொல்கிறவருக்குத்தான் நஷ்டம். அச்சியா பந்தல் கம்பத்தில் கட்டியிருந்த அண்ணனின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குடும்பத் தலைவர் இரண்டாம் தலைமுறைக்கு நகர்ந்தார்.

"தண்ணி வீட்டுத் தண்ணியில ஏதாவது..." என்று டாக்டர் இழுத்தார்.

"தண்ணியப் பத்தி எனக்கென்ன தெரியும்? நான் மருந்து விக்கறவ. தண்ணின்னு நீங்கதான் சொன்னீங்க." பிறகு, மடியிலிருந்த கைகளைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "வெள்ளிக்கெழமை தோறும் எங்கிட்ட ஒரு பாட்டில் வாங்குவாரு. தூக்கத்துக்குன்னு நெனச்சேன். ஒரு சொட்டுக்கூட அவர் குடிக்கலையாம்."

டாக்டரின் பார்வை படத்துக்குப் போனது. இரண்டு பொட்டலத்தையும் முடித்துவிட்டு வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்த இஸாக்காவிடம் போனது. பிறகு தன் மடியிலிருந்த சோற்றுக்குத் திரும்பி வந்தது. அவர் மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பா வேறொன்றா என்று அச்சியாவுக்குப் பிடிபடவில்லை.

"அவர் போறதுக்கு மொதநாள், புதன்கெழமை, என் ரூம் வாசல்ல வந்து நின்னாரு" என்றார் டாக்டர். "நான் போன்ல இருந்தேன். அப்புறம் சொல்றேன்னு சைகை காட்டிட்டுப் போயிட்டாரு."

"என் கடைக்கும் வந்தாரு."

குடும்பத் தலைவர் மூன்றாம் தலைமுறைக்கு வந்திருந்தார்.

"அறிக்கையை நிறுத்திடறேன்" என்றார் டாக்டர். "ஆனா மூணு வாரத்த வெச்சு எதுவும் சொல்ல முடியாதுக்கா. மொதல்லேருந்து ஆரம்பிக்கணும். புது எலி, புதுக் கூண்டு, பூட்டுப் போட்ட தண்ணி. உங்க மருந்து அதுலயும் தோத்துப் போகலாம்."

"தோத்தா என் மருந்து தோக்கட்டும். எங்கண்ணனோட பாசம் தோக்கக் கூடாது."

"ஏன் மறுபடி செய்யறோம்னு எழுதியாகணும். தண்ணி வீட்டுக்கு மருந்து போயிருச்சுன்னு மறைக்க முடியாது."

"மறைக்காதீங்க. யார் ஊத்தினாங்கன்னு எழுதணுமா?"

டாக்டர் யோசித்தார். "அந்தத் தாள்ல பேருக்குன்னு எடம் இல்ல."

"அப்ப எழுதுங்க."

"பேர்ப் பலகை?" என்று கேட்டார் டாக்டர். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. ஆய்வு அறை வாசல்ல அந்தப் பேர மாட்டிட்டு அதுக்குக் கீழ நான் தெனமும் நடந்துபோக முடியாது."

அச்சியா இதை எதிர்பார்த்திருந்தாள். கடையில் ஒரு விலை பிடிக்காவிட்டால் சரக்கை வேறு பக்கம் திருப்பிக் காட்டுவாள்.

"எலிங்களுக்குத் தீனி எடுத்துவைக்கற ரூம் ஒண்ணு இருக்குமே?"

"இருக்கு. சின்னது. ஜன்னல்கூடக் கெடையாது."

"அங்க மாட்டுங்க."

டாக்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். தலையசைத்தார். பிறகு, ஏதோ கொடுக்க வேண்டும் என்று தோன்றியவர்போல, மடியிலிருந்த பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "நீங்க இன்னும் சாப்பிடல. இந்த முட்டையையாவது எடுத்துக்கோங்க."

அச்சியா தன் சிவப்புத் துணியின் ஓரத்தைத் தேடிப் பிடித்து, ஒரு நூலை நகத்தால் கிள்ளி நீளமாக உருவினாள். முட்டையை உள்ளங்கையில் வைத்து, நூலை அதன் நடுவில் ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு நுனியையும் இழுத்தாள். இரண்டு பாதியையும் பொட்டலத்தின் மூடிமேல் மஞ்சள்கரு தெரிய வைத்து, டாக்டர் முன் நீட்டினாள்.

டாக்டர் சின்னதாக இருப்பதை எடுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தார். மூடியை இப்படியும் அப்படியும் திருப்பினார். கண்ணாடியை மூக்கின்மேல் சரிசெய்துகொண்டு மறுபடியும் குனிந்து பார்த்தார்.